மயில்கழுத்து நட்டு

அந்தப் பெட்டியைக் கொஞ்சம் உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள் தம்பி. என் சேலையில் சொட்டுகிறது. மீனா? உக்கடத்தில் வாங்கியதா? நினைத்தேன். ஐஸ் நிறையப் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை, குன்னூர் வரைக்கும் தாங்கும். சம்பந்தி வீட்டுக்கா? அப்படியென்றால் வஞ்சிரமாகத்தான் இருக்கும். சம்பந்தி வீட்டுக்கு யாரும் மத்தி வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

நான் ஊட்டி வரைக்கும். கல்யாணம் காட்சி ஒன்றுமில்லை. கார் பார்க்கப் போகிறேன். வேறு யாருடைய காரும் இல்லை, எங்கள் காரைத்தான். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கார் ஊட்டிக்குப் போகிறது, அதைப் பார்க்க நான் பஸ்ஸில் போகிறேன். இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. நீங்கள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எங்கேயும் எழுந்து போக முடியாது, அதனால் சொல்கிறேன்.

அதோ பாருங்கள், ஒன்று போகிறது! சிவப்பு. பின்னாலேயே ஒரு வெள்ளை. பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து சேர்ந்து ஊட்டிக்கு ஏறுவார்கள். மலையடிவாரத்தில் கல்லாறில் கொடியசைத்து ஒவ்வொன்றாக விடுவார்கள். பரிசு எதுவும் கிடையாது. மேலே போனால் ஒரு பிரியாணி, ஒரு போட்டோ. அதற்குத்தான் இத்தனை பாடும்.

எங்களுடையது பச்சை. இங்கிலாந்து வண்டி, மேலே கூரை கிடையாது, தரையோடு தரையாக இருக்கும். பேர் சொன்னால் உங்களுக்குத் தெரியாது, எனக்கும் வாயில் நுழையாது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு பம்பு கம்பெனியில் டூல் ரூமில் இருந்தார். எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம், ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டை இடித்தார்கள். உள்ளே இந்த வண்டி. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்து வாசலில் நிறுத்திவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ரெண்டே சீட்டுதான் புள்ள. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. மூணாவது ஆளுக்கு எடமே இல்ல பாத்துக்க."

நான் அதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. பேச்சு வந்ததால் சொன்னேன். அன்றைக்கு வியாழக்கிழமை. அவர் பழுப்புச் சட்டை போட்டிருந்தார், இடது கைக் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. லேசாகத் தூறல்.

அதற்கப்புறம் வண்டியைக் கழற்றினார். கழற்றினார் என்றால் கழற்றிக்கொண்டே இருந்தார். கதவு கட்டிலுக்கு அடியில், ஸ்டீயரிங் பரண்மேல், இஞ்சின் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். என் பெரிய பெண் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகச் சொல்லப் பழகியது கார்பரேட்டர். ரிட்டயர்டு ஆன பிறகுதான் எல்லாவற்றையும் பூட்டி, ஒரு வழியாக அது வண்டி மாதிரி ஆயிற்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை இந்த ஊர்வலத்துக்குக் கொண்டுபோனார். "மொதத் தடவ, நடுவழியில நின்னாலும் நிக்கும், நான் மட்டும் போய்ட்டு வந்தர்றேன்" என்றார். சரி என்றேன்.

பிடித்துக்கொள்ளுங்கள், வளைவு வருகிறது. பெட்டியைப் பிடியுங்கள், என்னை இல்லை.

அந்தத் தடவை வண்டி இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்துக்கொண்டு ஏறியிருக்கிறது. எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் இவர் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரு பல் டாக்டர், ஆல்பர்ட் என்று பேர். அவரிடமும் இதே மாதிரி ஒரு பழைய வண்டி இருக்கிறது. அவர் எல்லோரும் இருக்கும்போது கேட்டிருக்கிறார், "என்ன திருமலை, வழியில நாத்து நட்டுட்டு வந்தியா?"

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "வண்டி வெயிட்டு ஜாஸ்தி புள்ள" என்றார். அடுத்த வாரம் டைட்டானியம் வந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியுமா டைட்டானியம்? எனக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது, எனக்கு அதில் ஆர்வமும் கிடையாது. இரும்பு மாதிரி உறுதி, எடை பாதியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கெமிக்கல் கம்பெனிகளுக்குப் பம்பு செய்கிறவர்கள் அதில் தண்டு கடைவார்கள். வெட்டி மிஞ்சின துண்டுகளைக் கிலோ கணக்கில் போடுவார்கள். விலையைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன், இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

லேத்து எங்கள் வீட்டிலேயே இருக்கிறது, சமையலறைக்குப் பின்னால். நான் தாளிக்கிற சத்தமும் அவர் கடைகிற சத்தமும் ஒன்றாகத்தான் கேட்கும். இரும்பைக் கடைந்து பழகின கைக்கு இது கொஞ்ச நாள் பிடிபடவில்லை. வேகமாக ஓட்டினால் கருவி மழுங்கிவிடும். மெதுவாக ஓட்ட வேண்டும், ஆனால் ஆழமாக வெட்ட வேண்டும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் தயங்கி நின்றால் அந்த இடம் கல்லாகிவிடும். நான்தான் சமையலறையிலிருந்தே சத்தத்தை வைத்துச் சொல்வேன். "ஏனுங்க, கிறீச்சுங்குது, கருவிய மாத்துங்க." அவருக்குக் கோபம் வரும். மாற்றிவிடுவார்.

ஒருநாள் சுருள் சுருளாக விழுந்த சீவலில் தீப்பிடித்துக்கொண்டது. சாதாரணத் தீ இல்லை தம்பி. வெள்ளை வெளேரென்று, கண்ணால் பார்க்க முடியாத வெளிச்சம். பக்கத்து வீட்டில் தீபாவளிக்கு முன்கூட்டியே வெடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். இவர் வாளித் தண்ணீரைத் தூக்கினார். "தண்ணி ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். அந்தத் தீயில் தண்ணீர் பட்டால் இன்னும் ஆங்காரமாக எரியும் என்று முந்தின வாரம் அவரேதான் சொல்லியிருந்தார். பதற்றம் வந்தால் அவருக்கு அவர் சொன்னதே நினைவிருக்காது. கைக்குக் கிடைத்தது கோலப்பொடி டப்பா. கல்லுப்பொடிதானே, அரிசி மாவு இல்லையே. ஒரு டப்பா முழுக்க அதன் தலையில் கவிழ்த்தேன். அமுங்கிவிட்டது. ஒரு வாரம் வாசலில் கோலம் இல்லை. அதற்கும் என்னைத்தான் கேட்டார்கள்.

முதலில் ஒரு போல்ட்டும் அதற்கு ஒரு நட்டும் செய்தார். இரண்டும் டைட்டானியம். கண்ணாடி மாதிரி கடைந்து, என்னைக் கூப்பிட்டு, என் கண்முன்னாலேயே பூட்டினார். பூட்டினதுதான். கழற்ற வரவில்லை. இந்த உலோகம் திருகுகிற இடத்தில் வெறும் மரையோடு மரை உரசினால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், இரும்பிலும் கவ்வும், தன்னோடு தானே என்றால் கேட்கவே வேண்டாம். வைஸ் இடுக்கியில் பிடித்து, ஸ்பானரில் குழாயை மாட்டி, தொங்கிப் பார்த்தார். போல்ட்டே முறிந்தது, நட்டு அசையவில்லை. அப்புறம் யாரிடமோ விசாரித்து ஒரு பசை வரவழைத்தார். செம்புத் தூள் கலந்த பசை. மரையில் அதைத் தடவித்தான் பூட்ட வேண்டும். சின்ன டப்பா. அதை நகை மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார், நான் ஏதோ அதை எடுத்துத் தோசைக்குத் தடவிவிடுவேன் என்கிற மாதிரி. எனக்கு ஒருநாளும் அதைத் திறந்துகூடக் காட்டியதில்லை.

இன்னொன்றும் சொன்னார். இரும்பு சூட்டில் ஊதும், இது அவ்வளவாக ஊதாது. நான் அதை உடனே புரிந்துகொண்டேன். இரும்பு எங்கள் நாத்தனார் மாதிரி. ஒரு வார்த்தை சூடாகச் சொன்னால் ஊதிப்போகும். டைட்டானியம் எங்கள் வீட்டுக்காரர் மாதிரி. என்ன சொன்னாலும் அப்படியே உட்கார்ந்திருக்கும். இதைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. நாத்தனார் அவருக்குத் தங்கச்சி.

ஒவ்வொரு சாமானாகச் செய்தார், அதனால் போன வருடம் ஊர்வலத்துக்கே போகவில்லை. இஞ்சினைப் பிடித்திருக்கிற போல்ட், கதவுக் கீல், பிரேக்குக்கு என்னவோ ஒன்று. ஒவ்வொன்றையும் பழைய இரும்புச் சாமானோடு என் சமையல் தராசில் வைத்து எடை பார்ப்பார். நாற்பது கிராம் குறைந்தால் அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவார். அந்தத் தோசையின் எடை வண்டியில்தானே ஏறும் என்று கேட்டேன். அதற்கும் சிரிக்கவில்லை.

கடைசியாகத்தான் சக்கரத்து நட்டு. அந்த வண்டியில் சக்கரத்துக்கு ஒரே ஒரு நட்டுதான், நடுவில், பெரிதாக. இரண்டு பக்கமும் காது வைத்திருக்கும், கடாக்கொம்பு மாதிரி. சுத்தியலால் காதில் தட்டினால் இறுகும், எதிர்ப்பக்கம் தட்டினால் கழலும். அது நாலும் டைட்டானியத்தில். ஒன்றுக்கு ஒரு மாதம் ஆயிற்று. செய்து முடித்தால் சாம்பல் நிறத்தில், சமையலறை அலுமினியப் போசி மாதிரி இருந்தது. "இதுக்காங்க இத்தன பாடு?" என்றேன். முகம் விழுந்துவிட்டது.

அதனால்தான் நான் நிறம் ஏற்றுகிற வேலையில் இறங்கினேன். எனக்கு ஒன்றும் ஆசையில்லை. அவர் என் சாம்பார் அண்டாவை எடுத்துவிட்டார், அண்டா என்ன ஆகிறது என்று பார்க்கப் போய் நின்றேன். சலவை சோடாவைத் தண்ணீரில் கரைத்து, நட்டை அண்டாவில் படாமல் கம்பியில் தொங்கவிட்டு, சின்னச் சின்ன பேட்டரியாக வரிசையாகக் கோத்துக் கரண்ட் விட வேண்டும். சாயம் கிடையாது, பெயிண்ட் கிடையாது. கரண்ட் ஏற ஏற நிறம் தானாக மாறும். முதலில் வெண்கலம், அடுத்தது கத்தரிப்பூ, அப்புறம் நீலம். இன்னும் போனால் மஞ்சள், ரோஸ். அதையும் தாண்டினால் பச்சையும் நீலமுமாக ஒன்று வரும். மயில்கழுத்து. என் கல்யாணச் சேலை அந்த நிறம். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு பேட்டரி கூடினால் போச்சு. அவருக்குக் கத்தரிப்பூவும் நீலமும் ஒன்றுதான், அதனால் நிறுத்தச் சொல்கிறவள் நான். நாலு நட்டும் ஒரே நிறம் வந்தது. பல் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "எங்க பண்ணுனீங்க, பம்பாயா?" என்று கேட்டார். இவர் "வீட்லதான்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை. நான் காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

இதோ பர்லியாறு வந்துவிட்டது. பலாப்பழம் வாசனை அடிக்கிறது பாருங்கள். உங்கள் மீனையும் மீறி அடிக்கிறது.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம், எடை. போன மாதம் வீட்டுக்கு ஒரு மெஷின் வாங்கிக்கொண்டு வந்தார், ஆள் ஏறி நின்று எடை பார்க்கிறது. "சக்கரை இருக்கற ஒடம்பு புள்ள, அப்பப்பப் பாக்கோணும்" என்றார். இந்த மனிதருக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன். ஏறி நின்றேன். அறுபத்தெட்டு. அவர் சுவரில் பென்சிலால் எழுதிக்கொண்டார். மறுநாள் அவர் தம்பி குணசேகர் வந்தார். அவரையும் ஏற்றினார். ஐம்பத்திரண்டு. அவருக்கு எந்தச் சக்கரையும் இல்லை. அப்போதே எனக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

ராத்திரி சாப்பிடும்போது, ரசத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறார். "இந்தத் தடவ குணாவக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறேன்."

"ஏனுங்க?"

"ரூட்டுப் பாக்க ஒரு ஆளு வேணுமாமா."

"ஊட்டிக்கு ஒரே ரூட்டுதானுங்களே. மேல."

"கணக்குப் போட்டுப் பாத்தேன் புள்ள. நீ தப்பா நெனைக்காத."

"நான் என்னத்த நெனைக்கறேன்? எனக்கு அந்த வண்டியில ஏறுனா முடி கலையும்."

"அதான். உனக்கும் புடிக்காது."

"புடிக்கவே புடிக்காதுங்க."

ஒரு வருடமா, இரண்டு வருடமா! கடைந்து கடைந்து மொத்தம் ஆறு கிலோ குறைத்தார். என்னை இறக்கிவிட்டு, ஒரு கரண்டி ரசம் ஊற்றிக்கொள்கிற நேரத்தில் பதினாறு கிலோ குறைத்துவிட்டார்.

எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. பையில் என்ன என்கிறீர்களா? ஒன்றுமில்லை, ஒரு சில்க் ஸ்கார்ஃப், தலையில் கட்ட. ஒரு கூலிங் கிளாஸ். மேலே குளிருமே. கூலிங் கிளாஸ் எதற்கு என்று கேட்காதீர்கள். கடைப் பெண் ஸ்கார்ஃபோடு சேர்த்து வாங்கினால் நல்லா இருக்கும் என்றாள். எப்போது வாங்கினேனா? அது இருக்கும், நட்டுக்கு நிறம் ஏற்றின சமயம்.

குணசேகருக்கு மலை ஏறினாலே வாந்தி வரும், அது இன்னொரு கதை. பாங்கில் வேலை பார்த்தபோது குன்னூருக்கு மாற்றல் வந்தது என்று பதவி உயர்வையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த மனிதர். நான் சொன்னேன், "அவருக்கு ஆகாதுங்க." அவர் சொன்னார், "தெறந்த வண்டிதான, காத்து வரும்." காற்று வரும், வேறென்ன வரும் என்று அவர் யோசிக்கவில்லை.

இருந்தாலும் நான் என் கடமையில் குறை வைக்கவில்லை. நேற்று சாயங்காலம் பூஜை போட்டேன். வண்டியை மலையில் ஏற்றுவதென்றால் சும்மாவா? நாலு நட்டையும் ஏற்கெனவே கழற்றிப் பேப்பர்மேல் வரிசையாக வைத்திருந்தார், காலையில் பூட்டுவதற்கு. நான் எடுத்துப் பார்த்தால் உள்பக்கமெல்லாம் ஒரே பிசுக்கு. செம்மண் குழைத்து அப்பின மாதிரி. கையில் ஒட்டினால் சோப்புப் போட்டாலும் போகாது. சாமி முன்னால் இப்படியா வைப்பது? மண்ணெண்ணெய்த் துணி போட்டு, மரை மரையாக விட்டுத் துடைத்தேன். முக்கால் மணி நேரம். இடுப்பு போய்விட்டது. வண்டியில் நட்டு மாட்டுகிற இடத்திலும் அதே அழுக்கு, அதையும் துடைத்தேன். அப்புறம் சந்தனம் குங்குமம். வெளியே மூன்று பொட்டு, உள்ளே ஒரு பொட்டு. உள்ளே யாருக்குத் தெரியும் என்று விடக்கூடாது, சாமிக்குத் தெரியும். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, அப்படியே மூடிவைத்தேன். விடியற்காலை கொழுந்தனார் வந்ததும் இவர் வெளியே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "எல்லாம் ரெடியாத்தான் வெச்சிருக்கறேன் குணா, அப்படியே மாட்டித் தட்டு" என்றார். தட்டினார்கள். போய்விட்டார்கள்.

வாசலில் நின்று கை காட்டினேன். அந்தச் சீட்டில் குணசேகர் பாலிதீன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு சக்கரத்திலும் மயில்கழுத்து மின்னிக்கொண்டு போயிற்று. வீட்டுக்குள்ளே வந்தேன். சாம்பாரை இறக்கினேன். அப்புறம் என்னவோ தோன்றியது, பையை எடுத்துக்கொண்டு காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன்.

என்ன, பஸ் நின்றுவிட்டது? வளைவில் ஏன் நிற்கிறது? எட்டிப் பாருங்கள் தம்பி. மேலே ஏதாவது மரம் விழுந்துவிட்டதா? காரா? என்ன காரு? பச்சையா?

கொஞ்சம் நகருங்கள். நகருங்கள், பார்க்க வேண்டும்.

ஐயோ, எங்களுடையதுதான். சரியாக வளைவில் நிறுத்தியிருக்கிறார். டயர் பஞ்சர், ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறது. நட்டைக் கழற்ற வரவில்லை போல. அதோ எங்கள் வீட்டுக்காரர், சுத்தியலை வைத்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். பாராப்பெட் சுவரில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருப்பது கொழுந்தனார். அது யார் கெண்டியோடு ஓடிவருகிறது? பல் டாக்டர்! டீக்கடையிலிருந்து கொதிக்கிற தண்ணீர் வாங்கிக்கொண்டு வருகிறார். நட்டின்மேல் ஊற்றப்போகிறார்!

டாக்டரே! ஏ டாக்டரே! ஊத்தாதீங்க!

கேட்கவில்லை. தம்பி, அந்தப் பெட்டியைக் கொடுங்கள். மீனோடு கொடுங்கள், பொறுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. சூடு பட்டால் உள்ளே இருக்கிற இரும்பு ஊதும், நட்டு ஊதாது, இன்னும் கவ்வும். குளிர வைத்தால் இரும்பு சுருங்கும். எங்கள் நாத்தனார் கதைதான், சொன்னேனே. திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். கண்டக்டரே, வழி விடுங்கள்!

*

இந்தாருங்கள் தம்பி, பெட்டி. மீன் அத்தனையும் இருக்கிறது. ஒன்றின் வால் மட்டும் கொஞ்சம் நசுங்கியிருக்கும், அது டாக்டர் கைவரிசை. ஐஸ் கொஞ்சம்தான் மிச்சம். சம்பந்தி வீட்டில் போனவுடனேயே குழம்பு வைக்கச் சொல்லுங்கள். என் பையை எடுத்துக்கொள்ளத்தான் வந்தேன்.

கழன்றுவிட்டது. கழலாமல் என்ன? ஐஸை அள்ளித் துணியில் கட்டி நடுவிலே வைத்து அழுத்திப் பிடித்தேன். விரல் மரத்துவிட்டது, பாருங்கள், இன்னும் சுருங்கியிருக்கிறது. அவர் என்னைப் பார்த்ததும் "நீ எங்க புள்ள இங்க?" என்றார். "ஐஸு வெச்சிருக்கறேன், தட்டுங்க" என்றேன். ஒரு நிமிடம் விழித்தார், அப்புறம் "அட, ஆமா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். தட்டினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பிடித்தேன். தட்டினார். டொக்கென்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், உங்கள் பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் கை தட்டினார்களே, அப்போதுதான்.

பசை தடவினீர்களா என்று கேட்டேன். "நேத்தே தடவி வெச்சனே" என்கிறார். தடவியிருந்தால் எப்படி இறுகும்? வயதாகிறது, மறந்திருக்கிறார். ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டார். நட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி உள்ளே பார்த்தார். மரையில் ஒன்றுமே இல்லை, வழித்துவைத்த மாதிரி சுத்தம். நடுவில் நான் வைத்த சந்தனப் பொட்டு மட்டும் காய்ந்துபோய் இருந்தது. அந்தப் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பொட்டைப் பார்த்தார். அந்த இடத்தில் அவருக்குச் சாமி ஞாபகம் வந்திருக்க வேண்டும். கண்ணெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் சிரித்தார் தம்பி. இரண்டு வருடமாக நான் சொன்ன எதற்கும் சிரிக்காத மனிதர், நடுரோட்டில், ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சிரித்தார். டாக்டர் பயந்துவிட்டார்.

பசை போட மறந்தீர்களே என்று குத்திக்காட்டுகிற ஆள் நான் இல்லை.

அப்புறம் சொன்னார், "நீ வண்டியில ஏறு புள்ள. நீ என்ற கண்ணு முன்னாலயே இருக்கறதுதான் இந்த வண்டிக்கு நல்லது." டாக்டர் முன்னாலேயே சொன்னார்! நான் அவருக்குக் கேட்கட்டும் என்று, "அறுபத்தெட்டு கிலோங்க" என்றேன். "இருக்கட்டும், அதுக்கு மேல சேதாரம் ஆகாது" என்றார். அவருக்கு அன்பாகப் பேசத் தெரியாது, அவருக்குத் தெரிந்த மாதிரி பேசுகிறார். இப்போது மீதி மூன்று நட்டையும் அதே மாதிரி ஐஸ் வைத்துக் கழற்றி, கையோடு கொண்டுவந்த பசையைத் தடவிக்கொண்டிருக்கிறார். நானும் கொஞ்சம் தடவட்டுமா என்றால் என்னைக் கிட்டேயே விடவில்லை. கை அழுக்காகிவிடுமாம்.

இந்த முடிச்சு பின்னால் சரியாக இருக்கிறதா? கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், காற்றுக்குப் பறக்கும் என்றார்கள். கண்ணாடி எப்படி? சும்மா சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

சரி தம்பி, டிரைவர் ஆரன் அடிக்கிறார். என் சீட்டு காலியாகக் கிடக்காது, கொழுந்தனாரை ஏற்றி அனுப்புகிறேன். ஒல்லியான மனிதர், உங்களுக்குத் தாராளமாக இடம் இருக்கும். கையில் எலுமிச்சம்பழம் கொடுத்திருக்கிறேன். ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். ஜன்னல் பக்கத்தை அவருக்கு விட்டுவிட்டு, அந்த மீன் பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.